சிரிப்பு நாடகம் நமக்கு ஏன் பிடிக்கிறது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் படவேடு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். அதுக்கப்புறம் நான் எழுதினது எல்லாம் மளிகைச் சீட்டும் குழுவோட தீர்மான நோட்டும்தான். அதனால தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

எனக்கு முன்னாடி பேசினவங்க வங்கிக் கடன், ரத்தசோகை, பெண் குழந்தைப் படிப்புன்னு நல்ல நல்ல தலைப்பா பேசினாங்க. நான் டிவியில வர்ற சிரிப்பு நாடகத்தைப் பத்திப் பேசப் போறேன்னு பேர் கொடுத்தேன். எங்க குழுவிலேயே சிரிச்சிட்டாங்க. "இன்னாடி இது, ஆண்டு விழாவில போய் டிவி பாக்கறதப் பத்தியா பேசப் போற?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க. காலையில அஞ்சு மணிக்கு எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கற வரைக்கும் நாம செய்யறதுல, நாமளா ஆசைப்பட்டு, நமக்காகன்னு செய்யறது எவ்வளவு? அந்தக் கொஞ்ச நேரத்துல நமக்கு எது சந்தோஷம் தருது, ஏன் தருதுன்னு ஒரு தடவையாவது பேசிப் பார்க்கலாமேன்னுதான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

சிரிப்பு நாடகம்னு நான் சொல்றது எதைன்னு முதல்ல சொல்லிடறேன். ஆதித்யா, சிரிப்பொலி மாதிரி சேனல்ல வடிவேலு, கவுண்டமணி காமெடி போடறாங்களே, அது சினிமாத் துண்டு. நான் சொல்றது வாராவாரம் அதே குடும்பம், அதே வீடு, அதே ஆளுங்க வந்து, ஒவ்வொரு வாரமும் புதுசா ஒரு வம்புல மாட்டிக்கிறதை. இங்கிலீஷ்ல இதை சிட்காம்னு சொல்றாங்க. சிச்சுவேஷன் காமெடிங்கறதோட சுருக்கமாம். என் பொண்ணு சொன்னா. அதாவது, ஒருத்தர் ஜோக் சொல்லி நாம சிரிக்கறது இல்லை. அவங்க மாட்டிக்கிட்ட நிலைமையைப் பார்த்தாலே சிரிப்பு வரும்.

நம்ம தமிழ்ல இதுக்கு நல்ல உதாரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சன் டிவியில வந்த சின்ன பாப்பா பெரிய பாப்பா. நளினி அம்மாவை மறக்க முடியுமா? எம்.எஸ். பாஸ்கர் எத்தனையோ சினிமாவில நடிச்சிட்டார். ஆனா எங்க தெருவில இன்னிக்கும் அவர் பேர் பட்டாபிதான். அந்த நாடகம் முடிஞ்சு பல வருஷம் கழிச்சுத் திரும்பவும் புதுசா எடுத்தாங்கன்னா ஜனங்களுக்கு அது எவ்வளவு பிடிச்சிருக்கணும்! அதே மாதிரி கே. பாலசந்தர் அவர்களோட மின்பிம்பங்கள் நிறுவனம் எடுத்த ரமணி வெர்சஸ் ரமணி. நாகா இயக்கினது. புருஷன் பேரும் ரமணி, பொண்டாட்டி பேரும் ரமணி. பேரே அப்படி இருந்தா வீட்ல எப்படி இருக்கும்னு பார்த்துக்கங்க.

எங்க அம்மா வீட்ல டிவி கிடையாது. சன் டிவி 1993-ல வந்துச்சு. எங்க தெருவுக்குக் கேபிள் வந்தது அதுக்கு ரொம்ப நாள் கழிச்சு. தெருவுக்கே ஒரு வீட்லதான் டிவி. அந்த வீட்டுக்காரங்க திண்ணையில இருந்து கூடம் வரைக்கும் பசங்களா உட்கார்ந்திருப்போம். அழுகை நாடகம் ஓடும்போது பெரியவங்க "உஷ்"னு அடக்குவாங்க. சிரிப்பு நாடகம் ஓடும்போது மட்டும் யாரும் அடக்க மாட்டாங்க. ஏன்னா அவங்களே சத்தமா சிரிச்சுக்கினு இருப்பாங்க.

நான் கல்யாணமாகி வந்தப்புறம் அரசாங்கம் கொடுத்த இலவசக் கலர் டிவி எங்க மாமியார் வீட்டுக்கு வந்துச்சு. 2006-ல ஆரம்பிச்ச திட்டம் அது. 14 இஞ்சு டிவி. எங்களுக்குத் தறி வீடு. முன் கூடத்துல தறி. அதனால டிவியை உள் ரூம் வாசப்படிக்கு எதிர்ல வெச்சோம். நானும் எங்க அத்தையும் ராட்டையில தார் சுத்திக்கினே பார்ப்போம். எங்க வீட்டுக்காரர் தறியில இருந்தா அவருக்குக் காது மட்டும்தான் டிவி பக்கம், கண்ணு நூல் மேல. பட்டுல இழை அறுந்தா தெரியுமே, பார்த்துப் பிணைக்கலைன்னா சேலையில நின்னுடும். தறிச் சத்தத்துல அவருக்குப் பாதி வசனம் கேட்காது. நாங்க சிரிச்ச பிறகு, "இன்னா சொன்னான்?"னு கேட்பார். நாங்க திரும்பச் சொல்லுவோம். அவருக்குச் சிரிப்பே வராது. "இதுக்கா சிரிச்சீங்க?"ன்னுட்டு நாடாவை விடுவார்.

இதுல இருந்து எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. சிரிப்பு அந்த வார்த்தையில இல்லை. அது நடக்கும்போது கூட இருந்து பார்க்கணும். அந்தப் பட்டாபி எப்படிப்பட்ட ஆளு, போன வாரம் இன்னா பண்ணினார்னு தெரிஞ்சிருக்கணும். அவர் வாசல்ல நுழையும்போதே நமக்கு ஒரு சந்தோஷம் ஆரம்பிச்சிடுது. இவர் இப்போ ஏதோ பண்ணுவார்னு நமக்குத் தெரியும். அந்த வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரியாது. அவங்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரியுதே, அந்தச் சந்தோஷம்தான் பாதி சிரிப்பு.

இது டிவிக்காரங்க கண்டுபிடிச்சது இல்லை. நம்ம பக்கத்துல தெருக்கூத்து பார்க்காதவங்க யார் இருக்காங்க? பாரதக் கூத்துல கட்டியக்காரன் வருவான். ராஜாவுக்கே வாசல் காக்கறவன், ஆனா ராஜாவையே கேலி பண்ணுவான். "நீ யாரு, உன் ஊர் எது, எதுக்கு வந்த?"ன்னு துரியோதனனையே நிறுத்திக் கேட்பான். விடிய விடிய சண்டையும் சாவும் பார்க்கற ஜனங்க மனசு தாங்கணும் இல்லையா? அதுக்குத்தான் நடு நடுவுல அவன். அவன் இல்லாம கூத்து நடத்த முடியாது. பெரிய இடத்துல இருக்கறவங்களைப் பார்த்து நாம வாய் திறந்து கேட்க முடியாததை அவன் கேட்கறான். நாம சிரிக்கறோம்.

இப்போ அழுகை சீரியலைக் கொஞ்சம் பக்கத்துல வெச்சுப் பாருங்க. நான் அதைக் குறை சொல்லலை, நானும் பார்க்கறவதான். அதுல ஒருத்தி மேல ஒருத்தி பழி வெச்சா அது வருஷக்கணக்கா ஓடும். மாமியார் கொடுமைக்காரின்னா கடைசி வரைக்கும் கொடுமைக்காரி. சிரிப்பு நாடகத்துலயும் அதே சண்டைதான். மாமியார் மருமகள், நாத்தனார், பண விஷயம், ஒளிச்சு வெச்ச பொருள், சொன்ன பொய். ஆனா அரை மணி நேரத்துல குட்டு உடைஞ்சிடும். மாட்டினவங்க அசடு வழிவாங்க. அடுத்த வாரம் எல்லாரும் அதே வீட்ல ஒண்ணாத்தான் இருப்பாங்க. யாரையும் வீட்டை விட்டுத் துரத்த மாட்டாங்க, விஷம் வைக்க மாட்டாங்க. நம்ம வீட்ல நாளெல்லாம் பாரமா இருக்கற சண்டையே அங்க லேசா ஆகிடுது. அதைப் பார்க்கும்போது நமக்கும் கொஞ்சம் லேசாகுது. எனக்குத் தெரிஞ்சு சிரிப்பு நாடகத்தோட முக்கியமான சந்தோஷம் இதுதான்.

இதை நான் புஸ்தகம் படிச்சுச் சொல்லலை. என் வீட்ல நடந்ததைச் சொல்றேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க குழுவில நான் 20,000 ரூபாய் கடன் வாங்கினேன். பொண்ணு ஸ்கூல் செலவும், ஒரு பழைய அடமானமும் இருந்துச்சு. அதை வீட்ல முன்கூட்டியே சொல்லலை. தவணை கட்டற நாள் அன்னிக்குத் தெரிஞ்சு போச்சு. எங்க அத்தை, "யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்ட?"ன்னாங்க. எங்க வீட்டுக்காரர், "நான் தறியில கால் தேய உழைக்கறேன், நீ வீட்ல சும்மாதானே இருக்க, நீ எப்படிக் கட்டுவ?"ன்னார். எனக்குக் கடனைப் பத்திக் கேட்டது கூட வலிக்கலை. அந்த 'சும்மா' வலிச்சுது. அவர் நெய்யற ஒவ்வொரு சேலைக்கும் தார் சுத்தறது யாரு? நானும் அத்தையும். கூலி வரும்போது அது நெசவுக் கூலின்னு வருது. தார் சுத்தினவளுக்குன்னு தனியா எண்ணித் தர்றது இல்லை. குழு ஃபாரத்துல தொழில்ங்கற இடத்துல நானே இல்லத்தரசின்னுதான் எழுதினேன். யாரைக் குத்தம் சொல்றது?

அன்னையில இருந்து நானும் அத்தையும் பேசறது இல்லை. ஒரே ராட்டை வெச்ச இடம், ஒரே அடுப்பு. ஆனா பேச்சு இல்லை. "உங்க அம்மாகிட்ட சொல்லு, உப்பு தீர்ந்து போச்சுன்னு"ன்னு அவங்க என் பொண்ணுகிட்ட சொல்லுவாங்க. நான் பக்கத்துலயேதான் நிப்பேன். "ஆயாகிட்ட சொல்லு, வாங்கி வெச்சிருக்கேன்னு"ன்னு நான் சொல்லுவேன். நாலு மாசம் இப்படியே போச்சு.

ஒரு நாள் சாயந்திரம் என் பொண்ணு போன்ல ஏதோ பார்த்துத் தனியாச் சிரிச்சுக்கினு இருந்தா. கறுப்பு வெள்ளைப் படம். "இது அமெரிக்காவில எடுத்த பழைய சிரிப்பு நாடகம்மா"ன்னு காட்டினா. ஐ லவ் லூசின்னு பேர். 1951-ல ஆரம்பிச்சு 1957 வரைக்கும் டிவியில ஓடியிருக்கு. லூசில் பால்ங்கற அம்மா நடிச்சது. அவங்களோட நிஜமான புருஷன் டெசி ஆர்னாஸ்தான் அதுலயும் புருஷனா நடிச்சவர். ஜனங்களை எதிர்ல உட்கார வெச்சு, மூணு கேமராவில ஒரே நேரத்துல படம் பிடிச்சிருக்காங்க. அதனால அதுல கேட்கற சிரிப்பு அங்க உட்கார்ந்திருந்த ஜனங்களோட சிரிப்பு. ஜனங்க இல்லாம எடுத்த நாடகத்துக்குப் பின்னாடி சிரிப்புச் சத்தத்தைச் சேர்க்கறதுக்கு சார்லி டக்ளஸ்னு ஒரு சவுண்ட் இன்ஜினியர் மெஷினே செஞ்சாராம். ஆளில்லாத வீட்ல தனியாப் பார்க்கறவங்களுக்கும் நாலு பேரோட பார்க்கற மாதிரி இருக்கணுமே, அதுக்குத்தான். நமக்கு அந்த மெஷின் தேவைப்படலை. திண்ணை நிறைய ஆள் இருந்தாங்க.

அன்னிக்கு அவ காட்டினது 1952-ல வந்த ஒரு கதை. கேளுங்க. லூசி வங்கிக் கணக்குல பணம் இல்லாம செக் எழுதிக் கொடுத்துடறா. புருஷன் சத்தம் போடறார். சம்பாதிக்கறது கஷ்டமா, வீட்டு வேலை கஷ்டமான்னு வாக்குவாதம் வருது. சரி, மாத்திக்கலாம்னு பந்தயம். புருஷங்க ரெண்டு பேரும் சமையலுக்குப் போறாங்க. லூசியும் பக்கத்து வீட்டு எத்தலும் வேலைக்குப் போறாங்க. அங்க புருஷன் சோறு ஆக்க அரிசியை அளவு தெரியாமப் போட்டு, அது பொங்கிப் பொங்கி அடுப்பெல்லாம் வழியுது. இங்க இவங்களுக்கு மிட்டாய் ஃபேக்டரியில வேலை. பெல்ட்டுல சாக்லேட் நகர்ந்து வரும், ஒவ்வொண்ணையும் காகிதத்துல சுத்தி வைக்கணும். ஒண்ணு சுத்தாமப் போனாலும் வேலை போயிடும்னு மேஸ்திரி அம்மா சொல்லிட்டுப் போறாங்க. முதல்ல மெதுவா வருது. அப்புறம் வேகமா வருது. சுத்தி முடிக்க முடியலை. என்ன பண்றதுன்னு தெரியாம வாயில போட்டுக்கறாங்க, தொப்பியில ஒளிக்கறாங்க, சட்டைக்குள்ள போட்டுக்கறாங்க. மேஸ்திரி அம்மா வந்து பார்க்கறாங்க. பெல்ட்டுல ஒரு சாக்லேட் கூட மிச்சமில்லை. பரவாயில்லையே, நல்லாச் செய்யறாங்களேன்னு, இன்னும் வேகமா ஓட விடச் சொல்லிட்டாங்க!

நான் சிரிச்ச சிரிப்புல நூலை விட்டுட்டேன். பாஷை ஒரு வார்த்தை புரியலை. ஆனா அது எனக்குத் தெரிஞ்ச கதை. தறி காலியாகும்போது தார் தார்னு கேட்பாங்க பாருங்க, இங்க சுத்தச் சுத்த அங்க தீரும். நல்லாச் சுத்தினா அதுக்கு நமக்குக் கிடைக்கற பரிசு இன்னும் கொஞ்சம் நூல்தான்.

அப்போ என் பின்னாடி ஒரு சிரிப்பு. திரும்பிப் பார்த்தேன். எங்க அத்தை. எப்போ வந்து நின்னாங்கன்னே தெரியலை. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கறாங்க. அப்புறம் முந்தானையில கண்ணைத் தொடைச்சிக்கினு, பொண்ணைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்துச் சொன்னாங்க: "நாப்பது வருஷமா நான் சுத்தறேன், என்னை வெச்சு யாரும் நாடகம் எடுக்கலையே!"

நாலு மாசம் கழிச்சு அதுதான் என்கிட்ட அவங்க பேசின முதல் பேச்சு. நான், "உங்களை வெச்சு எடுத்தா அந்த மேஸ்திரி அம்மா ஓடியே போயிடுவாங்க அத்தே"ன்னேன். மறுபடியும் சிரிச்சோம். அதுக்கப்புறம் உப்புக்குத் தூது தேவைப்படலை.

அந்தக் கதை எப்படி முடியுதுன்னா, ரெண்டு பக்கமும் தோத்துப் போய் அவங்கவங்க வேலைக்கே திரும்பிடறாங்க. புருஷங்க சமாதானமா பொண்டாட்டிகளுக்கு ஒரு பரிசு வாங்கி வந்து நீட்டறாங்க. பரிசு என்ன தெரியுமா? சாக்லேட்! அந்த இடத்துல எங்க வீட்டுக்காரர் தறியில இருந்தபடியே, "இன்னா, இப்படிச் சிரிக்கறீங்க?"ன்னு கேட்டார். நாங்க திரும்பச் சொல்லலை. "இறங்கி வந்து பாருங்க"ன்னு அத்தை சொன்னாங்க. அவர் வந்து சோறு பொங்கற இடத்தைப் பார்த்தார். ஒண்ணும் பேசலை, சிரிச்சார். அவர் முழுசா மாறிட்டார்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா சங்கக் கூட்டம் இருக்கற சனிக்கிழமை அவருக்கு வேண்டிய தாரை அவரே உட்கார்ந்து சுத்திக்கிறார். 'சும்மா இருக்க'ங்கற வார்த்தையை அதுக்கப்புறம் நான் கேட்கலை. கடனையும் தவணை தவறாமக் கட்டி முடிச்சிட்டேன்.

ஒரு நாடகம் குடும்பத்தைச் சேர்த்து வைக்கும்னு நான் சொல்ல வரலை. பேச வேண்டிய விஷயத்தை எங்களால பேச முடியலை, சிரிக்க முடிஞ்சுது. சிரிச்சப்புறம் பேச முடிஞ்சுது. அவ்வளவுதான்.

இன்னொண்ணும் சொல்லியாகணும். எல்லாச் சிரிப்பும் ஒண்ணு இல்லை. ஒரு தடவை எங்க வீட்ல நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரு காமெடி பார்த்துக்கினு இருந்தோம். குடிச்சிட்டு வந்த புருஷன் பொண்டாட்டியை அடிக்கறதையே தமாஷா காட்டினாங்க. எல்லாரும் சிரிச்சோம். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க எழுந்து போனாங்க. தண்ணி குடிக்கப் போறாங்கன்னு நினைச்சோம். அவங்க திரும்பி வரலை. அவங்க வீட்ல தினமும் நடக்கறது அதுதான்னு எங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் சிரிச்சோம். அந்தச் சிரிப்பு இன்னிக்கும் எனக்குத் தொண்டையில நிக்குது. கறுப்பா இருக்கறவங்க, குண்டா இருக்கறவங்க, காது கேட்காதவங்க, பொம்பளை வேஷம் கட்டினவங்கன்னு இவங்களையே அடிச்சு அடிச்சுச் சிரிக்க வைக்கறாங்க. லூசி கதையில நாம சிரிக்கறது அவ உருவத்தைப் பார்த்து இல்லை, அவ மாட்டிக்கிட்ட வேலையைப் பார்த்து. கட்டியக்காரன் கேலி பண்றது ராஜாவை, பிச்சைக்காரனை இல்லை. இந்த வித்தியாசத்தை நம்ம பிள்ளைங்களுக்கு நாமதான் சொல்லிக் கொடுக்கணும். கூட உட்கார்ந்து பாருங்க. "இப்போ யாரைப் பார்த்துச் சிரிச்ச?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. போதும்.

இப்போ எங்க வீட்ல பெரிய டிவி இருக்கு. ஆனா ஒண்ணா உட்கார்றது குறைஞ்சு போச்சு. ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூலை. போன்ல தனியாச் சிரிக்கற சிரிப்பு பக்கத்துல இருக்கறவங்களுக்குப் போய்ச் சேரறதில்லை. அன்னிக்கு என் பொண்ணு தனியாவே சிரிச்சிட்டு விட்டிருந்தா, நானும் அத்தையும் இன்னும் எவ்வளவு நாள் அப்படியே இருந்திருப்போமோ. அதனால எங்க குழுவில ஒரு பழக்கம் வெச்சிருக்கோம். சேமிப்பு, தவணை எல்லாம் வாங்கி, கணக்கு முடிச்சு, தீர்மானத்துல கையெழுத்துப் போட்டப்புறம், அந்த வாரம் வீட்ல நடந்த ஒரு கூத்தை யாராவது ஒருத்தர் சொல்லணும். மத்தவங்களைப் பத்திச் சொல்லக் கூடாது, தான் அசடு வழிஞ்ச கதையைத்தான் சொல்லணும். அது மட்டும்தான் சட்டம். அதுக்கப்புறம் கூட்டத்துக்கு வராம நிக்கறவங்க குறைஞ்சிருக்காங்கன்னு எங்க ஊக்குநர் அக்கா சொல்றாங்க. நீங்களும் உங்க குழுவில செஞ்சு பாருங்க.

கடைசியா ஒண்ணு. நான் இன்னிக்கு இந்தக் கதையைச் சொல்லப் போறேன்னு எங்க அத்தைகிட்ட அனுமதி கேட்டேன். "சொல்லு, ஆனா என்னைக் கெட்ட மாமியாரா காட்டாத, சிரிப்பு மாமியாரா காட்டு"ன்னாங்க. அதோ, மூணாவது வரிசையில ஓரமா உட்கார்ந்திருக்காங்க. நான் சரியாச் சொன்னேனான்னு வீட்டுக்குப் போனப்புறம்தான் தெரியும்.